அலாஸ்கா குளிரில் மாலமூட் வளர்ப்பு: புதியவர்களுக்கான வழிகாட்டி

அலாஸ்காவின் உட்பகுதியிலுள்ள ஃபேர்பேங்க்ஸ் நகரில் வெப்பநிலை மைனஸ் 24 டிகிரி செல்சியஸில் நின்றிருந்த ஒரு டிசம்பர் காலையில் முற்றத்துக்கு வந்து பார்த்தபோது, வைக்கோல் நிரப்பிய பெட்டி காலியாக இருந்தது. எங்கள் மாலமூட் இன நாய் மணி அதற்குப் பத்தடி தள்ளிப் பனியில் குழி பறித்து, உடலை வட்டமாகச் சுருட்டி, வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தான். இரவில் பெய்த பனி அவன் முதுகில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. அதில் ஒரு துளிகூட உருகவில்லை. உடற்சூடு மயிரைத் தாண்டி வெளியே கசியவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

புதிதாக இந்த இனத்தை வளர்க்க வருபவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். ஆனால் நலமான, பழக்கப்பட்ட மாலமூட்டுக்குக் குளிர் பெரிய தொல்லையன்று. ஈரம், தாகம், கோடை வெப்பம், வேலையின்மை ஆகிய நான்கும்தான் இந்த நாயைக் கெடுக்கின்றன. கீழே சொல்லப்படும் படிகள் யாவும் இந்த நான்கையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

முதலில், எந்த நாய் என்பதில் தெளிவு

பனிவண்டி நாய் என்றவுடன் எல்லாவற்றையும் ஹஸ்கி என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. மூன்று வகைகளைப் பிரித்தறிவது நல்லது. சைபீரியன் ஹஸ்கி நடுத்தர உடலும் வேகமும் கொண்டது. கடுவன் பெரும்பாலும் 27 கிலோவைத் தாண்டாது. இன்றைய நெடுந்தூரப் பந்தயங்களில் ஓடுபவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கிகள். அவை பதிவு பெற்ற இனமே அல்ல, ஓட்டத்துக்காகப் பல தலைமுறைகளாகக் கலந்து உருவாக்கப்பட்ட ஒல்லியான நாய்கள். மாலமூட் இந்த இரண்டையும்விடப் பெரியது, மெதுவானது, பாரம் இழுப்பதற்கென்றே உருவானது. அலாஸ்காவின் வடமேற்கில் காட்ஸிபூ கடற்கழிப் பகுதியில் வாழ்ந்த மாலெமியுட் என்னும் இன்யூப்பியாட் மக்களின் பெயரால் வழங்கப்படும் இந்த நாய், அம்மக்களோடு வேட்டைக்குப் போய், கடல்நாய் இறைச்சியையும் குடும்பத்தின் உடைமைகளையும் இழுத்து வந்தது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1935இல் இதைத் தனி இனமாக ஏற்றது. 2010இல் அலாஸ்கா மாநிலம் இதைத் தன் மாநில நாயாக அறிவித்தது. இனத் தரத்தின்படி கடுவன் தோளுயரம் சுமார் 63 செ.மீ., எடை 38 கிலோ. பெட்டை 58 செ.மீ., 34 கிலோ. கண்கள் பழுப்பாகவே இருக்கவேண்டும். நீலக்கண் மாலமூட் என்று யாராவது கூடுதல் விலை கேட்டால், அது கலப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர் யாருக்காவது சென்னையில் ஒன்று வளர்க்கலாம் என்ற எண்ணம் எழுந்தால், அதை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. 2024ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாய் இனப்பெருக்கக் கொள்கை, அங்குள்ள வெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் மாலமூட்டையும் சைபீரியன் ஹஸ்கியையும் சேர்த்தது. குளிரூட்டிய அறைக்குள் ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடக்க இந்த நாய் படைக்கப்படவில்லை.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

குட்டியின் முகத்தைப் பார்க்குமுன் தாய் தந்தையின் காகிதங்களைப் பாருங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரவலாக உண்டு. ஆகையால் ஓஎஃப்ஏ என்னும் அமைப்பு வழங்கும் இடுப்பு மூட்டுச் சான்றிதழ் பெற்றோர் இருவருக்கும் இருக்கவேண்டும். அந்தச் சான்றிதழ் 24 மாதம் நிறைந்த நாய்க்கே முழுமையாகத் தரப்படுவதால், ஒன்றரை வயதில் ஈன்ற பெட்டைக்கு அது இருக்க வாய்ப்பில்லை என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, கைகால் நரம்புகளை இளவயதிலேயே நலிவடையச் செய்யும் பாலிநியூரோபதி என்ற பரம்பரை நோய்க்கு மரபணுச் சோதனை இருக்கிறது. அதன் முடிவைக் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்வை மங்கும் ஒரு பரம்பரைக் குறையும் இந்த இனத்தில் உண்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் அது வெளிப்படத் தொடங்கும் என்பதால், குட்டியை வெயிலில் விட்டுப் பாருங்கள். நிழலில் நன்றாக ஓடிய குட்டி வெயிலில் தயங்கித் தடுமாறினால் ஐயப்பட வேண்டும்.

கேட்டவுடன் காகிதங்களை எடுத்துக் காட்டாமல், 'என் நாய்களுக்கு அதெல்லாம் வந்ததே இல்லை' என்று சொல்பவரிடமிருந்து மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள். நான் முதலில் போன இடத்தில் அந்தப் பதிலைக் கேட்டும் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு மனம் கேளாமல் விலகியபோது பணம் திரும்பவில்லை. ஓநாய்க் கலப்பு என்று பெருமை பேசி விற்பவர்களும் உண்டு. அலாஸ்காவில் உரிய அனுமதியில்லாமல் ஓநாய்க் கலப்பினத்தை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம்.

வீட்டில் பூனையோ கோழியோ இருந்தால் நன்றாக யோசியுங்கள். மாலமூட்டின் வேட்டை உணர்வு வலுவானது. குட்டியிலிருந்தே கூட வளர்ந்த பூனையை விட்டுவைத்தாலும் அண்டைவீட்டுப் பூனையை விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறதென்றால் எதிர்ப்பாலினக் குட்டியாகப் பார்த்து எடுப்பது சண்டையைப் பெருமளவு குறைக்கும்.

குட்டி வருமுன் முற்றத்தை முடித்துவிடுங்கள்

இங்கே செப்டம்பர் இறுதியில் நிலம் இறுகத் தொடங்கிவிடும். அதன்பின் வேலிக்குக் குழி தோண்டுவது கடப்பாறையோடு மல்லுக்கட்டுவதுதான். எனவே வேலி வேலையைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது. மாலமூட் தாண்டுவதைவிடத் தோண்டுவதில் வல்லது என்பதால், வேலியின் அடியிலிருந்து உட்புறமாக இரண்டடி அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடுங்கள்.

ஆறடி வேலி குளிர்காலம் முழுவதும் ஆறடியாகவே இருக்காது என்பதை நான் முதல் பிப்ரவரியில்தான் உணர்ந்தேன். கூரையிலிருந்து சரிந்த பனியும், நான் வழியைச் சுத்தம் செய்து ஒதுக்கிய பனியும் வேலியோரம் குவிந்து இறுகி ஒரு சரிவுப் பாதையாகிவிட்டிருந்தன. மணி தாண்டக்கூட இல்லை. நிதானமாக நடந்து ஏறி அந்தப்பக்கம் இறங்கிப் போய்விட்டான். வேலிக்கு இருபுறமும் ஒரு மண்வெட்டி அகலத்துக்குப் பனியை அள்ளி எறிவதை ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நாய்ப்பெட்டி பெரிதாக இருந்தால் வசதி என்று நினைப்பது இயல்பு. குளிரில் அது தவறு. நாய் தன் உடற்சூட்டால்தான் உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்க வேண்டும். ஆகவே நின்று, திரும்பி, சுருண்டு படுக்கும் அளவே போதும். மணியின் பெட்டிக்கு உள்நீளம் 120 செ.மீ., அகலம் 80, உயரம் 85. தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். வாசலை நடுவில் வைக்காமல் ஒரு மூலைக்குத் தள்ளி, காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, கனத்த ரப்பர்த் திரை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

உள்ளே போடவேண்டியது வைக்கோல் மட்டுமே. முதல் குளிர்காலத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ஜமக்காளத்தை அன்போடு மடித்து உள்ளே விரித்தேன். நாயின் மூச்சிலும் காலிலும் வந்த ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டு, நான்காம் நாள் பலகைபோல் விறைத்துக் கிடந்தது. தட்டினால் கட்டையைத் தட்டும் ஓசை கேட்டது. வைக்கோல் ஈரத்தை வாங்கிக்கொள்ளாமல் கீழே இறங்கவிடும். உள்ளீடற்ற தண்டுகளுக்குள் காற்றைப் பிடித்துவைக்கும். பெட்டியில் பாதி அளவுக்கு அடைத்துவிட்டால், படுக்கும் குழியை நாயே அமைத்துக்கொள்ளும். அழுத்தினால் நொறுங்கித் தூளாகும் நிலை வந்ததும் முழுவதையும் மாற்றுங்கள். மாட்டுத் தீவனப் புல்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது ஈரத்தைப் பிடித்துப் பூசணம் பூக்கும்.

பெட்டி இருந்தாலும் நாய் வீட்டாரோடு சேர்ந்தே வாழவேண்டும் என்பது என் கருத்து. இங்குள்ள வீடுகளில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் இடையே இருக்கும், ஆர்க்டிக் என்ட்ரி என்று அழைக்கப்படும் குளிர்ந்த நடை, மாலமூட் உறங்குவதற்கு மிகவும் ஏற்ற இடம். 22 டிகிரியில் இருக்கும் கூடத்தில் இரவெல்லாம் மூச்சிரைத்துக் கிடப்பதைவிட அங்கே அது நிம்மதியாக உறங்கும்.

முதல் ஆறு மாதம்

எட்டு வாரக் குட்டிக்கு இருப்பது பஞ்சு போன்ற குட்டிமயிர். அது வளர்ந்த நாயின் இரட்டை மயிருக்கு ஈடாகாது. மைனஸ் 20க்குக் கீழே இரண்டு மூன்று நிமிடம் வெளியே விட்டு, சிறுநீர் கழித்ததும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஒரு பாதத்தை மாற்றி மாற்றித் தூக்கத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அலாஸ்காவில் சட்டப்படி கட்டாயம். மாநிலத்தின் மேற்கு, வடக்குக் கடற்கரைகளில் நரிகளிடையே அந்த நோய் நிலைத்திருப்பதால் அதை வெறும் சடங்காக நினைக்கவேண்டாம். குடற்புழு நீக்கத்தையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துவிடுங்கள்.

மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அந்த வயதில் பார்த்துப் பழகியவற்றை அது பிறகு அஞ்சாது. குழந்தைகள், தொப்பியும் முகமூடியும் அணிந்த மனிதர்கள், ஸ்னோமெஷின் என்னும் பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் இரைச்சல், பனி அள்ளும் வண்டி, மருத்துவரின் மேசை ஆகிய எல்லாவற்றையும் அந்த நாட்களிலேயே அறிமுகப்படுத்துங்கள். அதே காலத்தில் பாதங்களைத் தொட்டுத் தொட்டுப் பழக்குவது மிக முக்கியம். எட்டுக் கிலோக் குட்டி காலைப் பிடிக்க விடாவிட்டால் சமாளிக்கலாம். நாற்பது கிலோ நாய் மறுத்தால் இருவர் பிடித்தாலும் நடக்காது.

மாலமூட் அதிகம் குரைக்காது; 'ஊ-வூ-வூ' என்று இழுத்துப் பேசும். திட்டினால் பதில் பேசும். அதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு அடக்க முயல்பவர்கள் தோற்றுப்போவார்கள். அடித்தால் இந்த நாய் கற்காது, விலகிப்போகும். சிறு சிறு தின்பண்டமும், சலிப்பூட்டாத குறுகிய பயிற்சியும், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே விதியைக் கடைப்பிடிப்பதும்தான் வேலை செய்யும்.

தண்ணீரும் தீவனமும்

குளிர்நாட்டில் நாய் வளர்ப்பவர்கள் தவறவிடுவதில் முதலிடம் தண்ணீருக்குத்தான். சுற்றிலும் பனி கிடக்கிறதே, தின்றுகொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பனியை உருக்கவே உடல் தன் வெப்பத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கும், கிடைக்கும் நீரோ சொற்பம். வளர்ந்த மாலமூட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தேவை. வெளியே வைத்தால் கால் மணி நேரத்தில் உறைந்துவிடும் என்பதால், பனிவண்டி ஓட்டுபவர்கள் செய்வதையே நாமும் செய்யலாம்: வெதுவெதுப்பான நீரில் ஒரு கரண்டி தீவனமோ மீன் வேகவைத்த சாறோ கலந்து, நாளுக்கு மூன்று வேளை நேரம் வைத்துக் கொடுங்கள். வாசனைக்காகவே நாய் முழுவதையும் நக்கிக் குடித்துவிடும். மிச்சமிருந்தால் உடனே கொட்டிவிடுங்கள். உலோகக் கிண்ணத்தை வெளியே பயன்படுத்தாதீர்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரப்பர்க் கிண்ணமே நல்லது. போதிய நீர் போகிறதா என்பதைப் பனியே காட்டிக்கொடுக்கும்: சிறுநீர் பட்ட இடம் வெளிர்மஞ்சளாக இருக்கவேண்டும், அடர்ந்த மஞ்சளாக இருந்தால் அன்று ஒரு வேளை கூட்டுங்கள்.

தீவனத்தில் குட்டிப் பருவத்துக்கான விதி ஒன்றுதான்: வளர்ச்சியை அவசரப்படுத்தாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே சுண்ணாம்புச் சத்தை அளவோடு சேர்த்துத் தயாரித்த தீவனம் கிடைக்கிறது. அதன்மேல் கால்சியம் மாத்திரை, பால்பொடி என்று சேர்ப்பது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். கொழுகொழுவென்ற குட்டி பார்க்க அழகுதான், ஆனால் அந்த எடையைச் சுமப்பது இன்னும் முற்றாத இடுப்பு மூட்டு. விலாவை விரலால் வருடினால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும். அடர்மயிர் கண்ணை ஏமாற்றும் என்பதால் பார்த்து முடிவு செய்யாமல் தொட்டு முடிவு செய்யுங்கள்.

இடிடராட் போன்ற நெடுந்தூரப் பனிவண்டிப் பந்தயத்தில் ஓடும் நாய் நாளொன்றுக்குப் பத்தாயிரம் கலோரி வரை உண்ணும் என்பதைக் கேள்விப்பட்டு வீட்டு நாய்க்கும் அள்ளிவைப்பவர்கள் உண்டு. மாலமூட் தன் உருவத்துக்குக் குறைவாகவே உண்டு பிழைக்கக்கூடிய இனம். பையில் அச்சிட்ட அளவைவிடக் குறைவே பெரும்பாலும் போதும். வெளியில் உறங்கும் நாய்க்குக் கடுங்குளிர் வாரங்களில் கொழுப்பைச் சற்றுக் கூட்டலாம். இங்கே எளிதாகக் கிடைக்கும் சால்மன் நல்ல உணவு. ஆனால் பச்சையாகக் கொடுக்காமல், எலும்பு நீக்கி வேகவைத்துக் கொடுங்கள்.

கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துச் செதில் கட்டினால், இந்த இனத்துக்கும் சைபீரியனுக்கும் வரக்கூடிய துத்தநாகக் குறைபாட்டுத் தோல்நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாகவே துத்தநாக மாத்திரை கொடுக்காதீர்கள், அளவு மீறினால் அது நஞ்சு. சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓடவிடாதீர்கள். வயிறு புடைத்து, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டதாகக் கருதி அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் பிழைக்காது.

மயிரும் பாதமும்

மாலமூட்டுக்கு இரண்டு அடுக்கு மயிர். அடியிலுள்ள எண்ணெய்ப்பசை கொண்ட கம்பளி சூட்டைப் பிடித்துவைக்கிறது; மேலுள்ள முரட்டுமயிர் பனியும் நீரும் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. இந்த ஏற்பாடு உலர்ந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். மைனஸ் 30இல் பொடிப்பனியில் புரளும் நாயைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. பூஜ்யத்தையொட்டி மழையும் பனியும் கலந்து கொட்டும் அக்டோபர் நாளில்தான் நாயை உள்ளே அழைத்து, தோல்வரை துவட்டி, விரலை மயிருக்குள் விட்டு ஈரமில்லை என்று உறுதி செய்கிறேன். இதே காரணத்துக்காகக் குளிர்காலத்தில் குளிப்பாட்டுவதைத் தவிர்த்துவிடலாம்.

வாரம் இருமுறை சீவினால் போதும், அந்த இரண்டு பருவங்கள் தவிர. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அடிமயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றுவரும். மூன்று வாரம்வரை நாள்தோறும் அடிமயிர்ச் சீப்பால் வாரினாலும் சோற்றில்கூட மயிர் கிடக்கும். அந்தக் கம்பளியை நூற்றுக் கையுறை பின்னுபவர்கள் இங்கே இருக்கிறார்கள். சடை விழுந்த இடத்தை அப்படியே விட்டால் அங்கே ஈரம் தங்கும்.

விரல்களுக்கிடையே வளரும் மயிரைப் பாதத்தின் மட்டத்துக்குக் கத்தரித்துவிடுங்கள். இல்லையென்றால் ஈரப்பனி அதில் உருண்டை உருண்டையாகத் திரண்டு, கூழாங்கல்மேல் நடப்பதுபோல் நாயை நொண்டவைக்கும். அப்படித் திரண்டதைப் பிடுங்கக் கூடாது. வெறுங்கையால் பாதத்தைப் பொத்திப் பிடித்திருந்தால் அரை நிமிடத்தில் உருகிவிடும். நெடுநடைக்கும் முரட்டுப் பனிக்கட்டிக்கும் துணிக் காலுறை போடுங்கள். பட்டையை இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர் பாதிப்பு விரைவில் வரும்; பட்டைக்கடியில் ஒரு விரல் நுழையவேண்டும். பனியில் நகம் தேயாது என்பதால் குளிர்காலத்தில்தான் நகவெட்டிக்கு அதிக வேலை.

மைனஸ் 40

ஃபேர்பேங்க்ஸின் ஜனவரிச் சராசரி மைனஸ் 22 டிகிரி அளவில் இருந்தாலும், மைனஸ் 40 அரிதான செய்தியல்ல. காற்றில்லாத நாட்களில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால், குன்றின்மேல் இருக்கும் வீட்டுக்கும் ஆற்றோர வீட்டுக்கும் பத்து டிகிரிக்குமேல் வேறுபாடு காணலாம். வானொலி சொல்வதை நம்பாமல் உங்கள் முற்றத்து வெப்பமானியைப் பாருங்கள். அத்தகைய நாட்களில் நடையைச் சுருக்கி, காதுநுனி, வால்நுனி, கடுவனின் விதைப்பை, பாலூட்டும் பெட்டையின் காம்புகள் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். அவை வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்காதீர்கள். உள்ளே கொண்டுவந்து, வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, மருத்துவரை அழையுங்கள். நாய் நடுங்குவதை நிறுத்தித் தள்ளாடினால் அது குளிர் விட்டதன் அடையாளமன்று, உடல் தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளம்.

வீட்டுக்குள் வாழும் நாய்க்கு வெளிநாய்க்கு இணையான அடிமயிர் வளர்வதில்லை. அதை ஜனவரியில் திடீரென்று இரவு முழுவதும் வெளியே விடக் கூடாது. வெளியே உறங்கவேண்டும் என்றால் ஆகஸ்டிலிருந்தே பழக்குங்கள்.

கார் நிறுத்துமிடத்தைத் தனியாகக் கவனியுங்கள். கார் இயந்திரத்து நீர் உறையாமலிருக்க ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் திரவம் இனிக்கும், சிறிதளவு நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்க இரவெல்லாம் மின்னிணைப்பில் கிடக்கும் வயரைக் குட்டி கடிக்கும்.

இழுக்கக் கற்பித்தல்

இந்த நாய்க்கு வேலை என்பது விளையாட்டல்ல, தேவை. வேலை கொடுக்காவிட்டால் அது தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும். சோபாவின் உட்புறம் எப்படியிருக்கும் என்று நமக்குக் காட்டும்.

குட்டிக்கு நான்கைந்து மாதமாகும்போது இலேசான ஹார்னஸை, அதாவது மார்பைச் சுற்றிக் கட்டும் இழுவைப் பட்டையை, அணிவித்து, ஒரு துண்டுக் கயிற்றை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு திரியவிடுங்கள். பின்னர் அதில் கையளவு மரத்துண்டைக் கட்டுங்கள். பாரத்துக்காக அல்ல, பின்னால் ஏதோ சத்தமிட்டுக்கொண்டு வருவதற்கு அஞ்சாமல் பழக. ஓராண்டுவரை இதற்குமேல் வேண்டாம். எலும்பு நுனிகள் முற்ற ஒன்றரை ஆண்டு ஆகும். உண்மையான பாரம் அதற்குப் பிறகே.

கழுத்துப்பட்டை அணிந்தால் இழுக்கக் கூடாது, ஹார்னஸ் அணிந்தால் இழுக்கலாம் என்ற வேறுபாட்டை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். கழுத்துப்பட்டையில் இழுத்தால் நின்றுவிடுங்கள். ஹார்னஸில் இழுத்தால் பாராட்டுங்கள். இரண்டு மாதத்தில் நாய்க்கு இது விளங்கிவிடும்; வீட்டிலுள்ளவர்களுக்கு விளங்கத்தான் நாளாகும்.

கட்டளைகளை நடக்கும்போதே கற்பிக்கலாம். 'ஹைக்' என்றால் புறப்படு, 'ஜீ' வலப்பக்கம், 'ஹா' இடப்பக்கம், 'வோ' நில், 'ஆன் பை' என்றால் கண்டுகொள்ளாமல் கடந்து போ. மாட்டுவண்டி நினைவில் 'வலம்', 'இடம்' என்று பழக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் காற்று வீசும் வெளியில் மணி குழம்பிப்போனான். 'ஜீ', 'ஹா' இரண்டும் தொலைவில் கேட்டாலும் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. ஊரிலுள்ள மற்றவர்களாலும் அவனை ஓட்ட முடிகிறது.

பதினெட்டு மாதம் நிறைந்ததும் ஸ்லெட் என்னும் பனியில் சறுக்கும் சிறு பிளாஸ்டிக் வண்டியில் தொடங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டுங்கள். சோர்ந்து படுக்கும்வரை இழுக்கவிடாமல், இன்னும் வேண்டும் என்று துள்ளும்போதே நிறுத்திவிட்டால் மறுநாள் ஹார்னஸைப் பார்த்தவுடன் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்று நாயை இழுக்கவிடும் ஸ்கிஜோரிங்குக்கு இரும்பு விளிம்பில்லாத கட்டைகளையே பயன்படுத்துங்கள். விழும்போது விளிம்பு நாயின் காலை அறுத்துவிடும். வெப்பநிலை பத்து டிகிரியைத் தாண்டிவிட்டால் அன்று பாரம் வேண்டாம்.

வேலையைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. ஃபேர்பேங்க்ஸைச் சுற்றிக் குழாய்நீர் இல்லாத மரவீடுகள் ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று. ஊரில் பிடித்து வண்டியில் கொண்டுவரும் தண்ணீர்க் கேன்களைச் சாலையிலிருந்து வீட்டுவாசல்வரை இழுப்பது மணியின் வேலை. விறகும் அப்படியே.

தடத்தில்

மூஸ் என்னும் பெரிய காட்டுமான் எதிர்ப்பட்டால் திரும்பிவிடுங்கள். ஆழப்பனியில் நடந்து களைத்த மூஸ், இறுகிய தடத்தைவிட்டு விலக மறுக்கும். நாயை ஓநாயாகவே கருதி மிதிக்க வரும். இருட்டில் நாயின் கழுத்தில் ஒரு விளக்கு கட்டாயம். டிசம்பர் பிற்பகுதியில் பகல் நான்கு மணி நேரம்கூட இல்லை, ஸ்னோமெஷின் ஓட்டுபவருக்குச் சாம்பல்நிற நாய் தெரியாது. குளிர்காலம் மயிர்விலங்குகளுக்குப் பொறி வைக்கும் காலமும்கூட என்பதால் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டாம்; கம்பிச் சுருக்கை வெட்டும் குறடு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப்பனிமேல் செல்லும்போது, பனிக்கட்டிக்கு மேலும் பொடிப்பனிக்குக் கீழுமாக நீர் பரவியிருக்கும் ஓவர்ஃப்ளோவில் கால் நனைந்தால் காலுறையை உடனே கழற்றி, உலர்ந்த பனியில் பாதத்தை ஒற்றியெடுத்து, துடைத்து, மாற்றுக் காலுறை போடவேண்டும்.

கோடை

அலாஸ்காவின் உட்பகுதியில் ஜூன், ஜூலையில் 30 டிகிரியை எட்டும் நாட்கள் வருகின்றன. காட்டுத்தீப் புகையும் கொசுவும் கூடவே வரும். இரக்கப்பட்டு மயிரை மழித்துவிடாதீர்கள். மேல்மயிர் வெயிலையும் தடுக்கிறது. மழித்தபின் பழையபடி வளராமலும் போகலாம். கழன்ற அடிமயிரைச் சீவி எடுத்துவிட்டால் காற்று தோல்வரை போகும். நிழலில் நாய் தோண்டும் குழியை மூடாதீர்கள். ஓரடிக்குக் கீழே மண் சில்லென்றிருக்கும், அதை அது அறிந்தே தோண்டுகிறது. சூரியன் பெயரளவுக்கே மறையும் மாதங்களாதலால், நடையை இரவு பதினொரு மணிக்கு வைத்துக்கொள்வதில் சிரமமில்லை. ஈறு செங்கல் நிறமாகி, மூச்சு ஓயாமல் இரைத்து, கால் தடுமாறினால் தண்ணீரால் உடலை நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

வயதானபின்

மாலமூட் பத்திலிருந்து பதினான்கு ஆண்டுகள் வாழும். எட்டு வயதுக்குமேல் எழுந்திருக்கத் தயங்குவது, படியேற மறுப்பது, பின்னங்கால் மெலிவது ஆகியவற்றைக் கவனியுங்கள். மரத்தரையில் வழுக்காத விரிப்பும், காரில் ஏறச் சாய்பலகையும் வேண்டும். எடையைக் குறைத்தே வையுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் இந்த இனத்தில் உண்டு என்பதால் காரணமில்லாமல் எடை ஏறினால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

வேலையை அடியோடு நிறுத்திவிடாமல் பாரத்தை மட்டும் குறையுங்கள். மணிக்கு இப்போது பதினோரு வயது. தண்ணீர் கொண்டுவரும் நாளில் நிரம்பிய கேன்களை நான் இழுக்கிறேன். காலிக் கேன் ஒன்றை அவனுடைய ஸ்லெட்டில் கட்டிவிடுகிறேன். வாசல் வந்ததும் நின்று, திரும்பிப் பார்த்து, 'ஊ-வூ' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, ஹார்னஸைக் கழற்றுவதற்காகத் தலையைத் தாழ்த்திக்கொள்கிறான்.